வலிச்சாட்சி

ஒரு வியாழக்கிழமை விட்டு மறு வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, நல்லசிவத்தின் மனைவி வேறோர் ஆணோடு கை கோத்து உட்கார்ந்திருப்பாள். அதற்குச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. நல்லசிவம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

உள்ளே நடப்பது ஒரு நிமிடம்தான். நர்ஸ் வந்து இரண்டு பேரின் மணிக்கட்டையும் ஒரே பட்டைக்குள் சேர்த்துப் பூட்டுவாள். பொத்தானை அழுத்தியதும் கோகிலவாணியின் இடது காலில் ஓடும் வலி, பக்கத்தில் இருக்கும் தேவசகாயத்தின் காலிலும் ஓட ஆரம்பிக்கும். அறுபது விநாடி கழிந்ததும் தேவசகாயம் பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்வார். அதை வைத்துத்தான் டாக்டர் அடுத்த பதினான்கு நாளுக்கு மாத்திரை எழுதுவார். தேவசகாயத்தின் வேலைக்கு அரசு ஆவணங்களில் 'வலிச்சாட்சி' என்று பெயர்.

வாணி பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கைப்பந்துப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போன வேன் பல்லடம் ரோட்டில் கவிழ்ந்தது. பிள்ளைகள் சிராய்ப்போடு தப்பினார்கள். இவளுக்கு முதுகெலும்பில் அடி. அறுவை சிகிச்சை முடிந்து எழுந்து நடந்துவிட்டாள். ஆனால் நசுங்கிய நரம்பு ஒன்று இடுப்பிலிருந்து குதிகால் வரை இரவு பகலாக எரிந்தது. போர்வை பட்டால்கூடக் கத்தினாள். கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்த நல்லசிவம், ஐந்து மாதம் பட்டறையைப் பாதி நேரம் பூட்டிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"எப்படிப் புள்ள வலிக்குது?" என்று கேட்பான்.

"சொல்லத் தெரீலீங்க" என்பாள். அவ்வளவுதான் பதில்.

கடைசியில் மார்ஃபின் வகை மாத்திரைதான் தர வேண்டும் என்று வலி நிவாரண மையத்துக்கு அனுப்பினார்கள். சாட்சி இல்லாமல் அந்த மாத்திரை ஒன்றுகூட வெளியே வராது என்று அங்கே சொன்னபோது நல்லசிவம் சந்தோஷப்பட்டான்.

"நானே உக்காந்துக்கறனுங்க டாக்டர். எதுக்கு வெளியாளு?"

டாக்டர் மெகருன்னிசா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஐம்பது வயதிருக்கும். எதையும் அவசரப்படாமல் சொல்கிறவர்.

"பட்டை வர்றதுக்கு முன்னால என்ன நடந்துச்சு தெரியுங்களா? ஒரு பல்லு புடுங்கினாக்கூட முப்பது மாத்திரை எழுதினாங்க. நாலு சாப்பிடுவாங்க, மீதி இருபத்தாறு அலமாரியில கெடக்கும். அதை வீட்டுல யாரு எடுத்தாங்கன்னு கேக்க ஆளில்லை. நிறைய சாவு. அப்பறம் டாக்டருங்க பயந்துக்கிட்டு யாருக்குமே எழுதலை. கேன்சர்காரங்க கத்திக் கத்தியே செத்தாங்க. ரெண்டும் தப்புதான். அதுக்குத்தான் இந்தப் பட்டை."

"மெஷினே எத்தனைன்னு சொல்லிராதுங்களா?"

"நரம்புல எவ்வளவு ஓடுதுன்னு சொல்லும். அது எவ்வளவு வலிக்குதுன்னு சொல்ல மனுசன்தான் வேணும்."

"அந்த மனுசன் நானா இருக்கறதுல என்னுங்க தப்பு?"

"முதல் வருஷம் வீட்டாளுங்களைத்தான் உக்கார வெச்சோம். புருஷன் பொண்டாட்டிக்காக, அம்மா மகனுக்காக. மூணு வலிச்சா எட்டுன்னு சொன்னாங்க. பாசத்துலதான் சொன்னாங்க. அந்தப் பாசத்துல எத்தனை பேரைச் சுடுகாட்டுக்கு எடுத்துட்டுப் போனோம்னு என்கிட்ட கணக்கு இருக்கு." டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இப்ப ரத்த உறவும் கூடாது, தாலி உறவும் கூடாது."

அப்படி வந்தவர்தான் தேவசகாயம். சிங்காநல்லூரில் ஒரு பேக்கரியில் கல்லாவில் இருப்பவர். நாற்பத்தைந்து வயது, தனி ஆள். வலது கையில் இரண்டு விரல் கிடையாது. நரம்புப் பொருத்தம் பார்த்ததில் வாணிக்கு அவருடையதுதான் அச்சாக ஒத்து வந்ததாம். ஜாதகம் பார்த்ததுபோல நர்ஸ் அதைச் சொன்ன விதமே நல்லசிவத்துக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள் பொத்தானை அழுத்திய பத்தாவது விநாடியில் தேவசகாயம் சட்டைக் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பட்டையைக் கழற்றிய பிறகுதான் காலரை விட்டார்.

"ஒம்பது" என்றார். பிறகு வாணியைப் பார்த்து, "இதோட எப்படிங்க இத்தனை நாள் இருந்தீங்க?" என்றார்.

வாணி அவரைப் பார்த்தாள். காட்டுக்குள் தனியாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றியவளுக்கு எங்கிருந்தோ பதில் குரல் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி ஒரு பார்வை. கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் நல்லசிவம் அதைக் கண்டதில்லை. ஐந்து மாதம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் அவன். இந்த ஆள் அறுபது விநாடியில் அந்தப் பார்வையை வாங்கிவிட்டார்.

அன்றைக்குத்தான் அவன் நெஞ்சுக்குள் பொறாமை விழுந்தது.

மாத்திரை வேலை செய்தது. வாணி தூங்கினாள், சாப்பிட்டாள். மாடிப்படி ஏறினாள். அதற்காகத் தேவசகாயத்துக்கு நன்றி சொல்ல வேண்டியவன், வியாழக்கிழமை நெருங்க நெருங்கச் சிடுசிடுத்தான். அவள் எந்தப் புடவை எடுக்கிறாள் என்று கவனித்தான். மையத்துக்குப் போகிற நாளில் மட்டும் அவள் தலைக்குப் பூ வைப்பதாக அவனுக்குத் தோன்றியது. மற்ற நாளும் வைத்தாளா என்று யோசித்தால் நினைவு வரவில்லை.

உள்ளே அவர்கள் பேசிக்கொள்வது இன்னும் மோசம்.

"இன்னைக்கு முட்டிக்குக் கீழ எறங்கிருச்சுங்களே" என்பார் தேவசகாயம்.

"ஆமாங்க! எறும்பு ஊர்ற மாதிரி!"

"எறும்பு இல்லீங்க, கம்பளிப்பூச்சி."

வாணி சிரிப்பாள். சொல்லத் தெரியவில்லை என்று சொன்னவளுக்கு இந்த ஆளிடம் மட்டும் எறும்பும் கம்பளிப்பூச்சியும் தெரிகிறது. பட்டறையில் காயில் சுற்றும்போது நல்லசிவம் சுற்றின் எண்ணிக்கையை விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். ஒருநாள் தன் கெண்டைக்காலைச் சூடான சால்டரிங் கம்பியால் தொட்டுப் பார்த்தான். தோல் பொரிந்தது. அவள் வலி இதுதானா, இதைவிடக் கூடவா என்று கேட்க ஆள் இல்லை. தெரிந்த ஒரே ஆளிடம் கேட்க அவனுக்கு மனமில்லை.

மாதங்கள் போயின. ஒன்பது, எட்டானது, ஏழானது, ஆறில் கொஞ்ச காலம் நின்றது. எண் இறங்க இறங்க டாக்டரும் மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்தார், ஒரேயடியாக நிறுத்தாமல், படிப்படியாக. பத்தாவது மாதம் தேவசகாயம் "நாலு" என்றபோது வாணியின் முகம் கறுத்தது.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். "நாலாம்! அந்தாளு கால்ல ஒரு நிமிசம் ஓடுது, எழுந்து போயிர்றாரு. என்ற கால்ல நாள் பூரா ஓடுது. அவருக்கென்ன தெரியும்?"

நல்லசிவத்துக்கு உள்ளுக்குள் தேன் வார்த்தது போல இருந்தது. "அதானே!" என்றான்.

அதன் பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்தது வேறு மாதிரி இருந்தது. பட்டை பூட்டுவதற்கு முன் வாணி தேவசகாயத்தின் பக்கம் சாய்ந்து மெதுவாக ஏதோ பேசுவாள். அவர் தலையை ஆட்டி மறுப்பார். ஒரு வியாழன் அவள் அழுதாள். அவர் இரண்டு விரலில்லாத அந்தக் கையை அவள் கைமேல் ஒரு கணம் வைத்து எடுத்தார். அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே நல்லசிவம் சிங்காநல்லூர் பேக்கரிக்குப் போனான். டீ சொல்லிவிட்டுக் குடிக்காமல் கல்லாவுக்கு முன்னால் நின்றான்.

"உள்ள என்ற பொண்டாட்டிகிட்ட என்னுங்க பேசறீங்க?"

தேவசகாயம் எண்ணிக்கொண்டிருந்த சில்லறையை அப்படியே விட்டார். "அதை அவங்ககிட்டயே கேளுங்க. நான் சொல்லக்கூடாது."

"அவ எதுக்கு அழுகறா?"

"கேளுங்க அவங்கள. நல்லாக் கேளுங்க, உக்காந்து கேளுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

புருஷனுக்குப் புத்தி சொல்கிறானே என்று நல்லசிவத்துக்குக் காது சூடாகிவிட்டது. நேரே வீட்டுக்குப் போனான். மையத்தில் முன்பே வாங்கி வைத்திருந்த, சாட்சியை மாற்றக் கோரும் படிவத்தை அவள் முன்னால் வைத்தான். நோயாளி கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. அவள் மறுப்பாள், சண்டை வரும், அந்தச் சண்டையில் எல்லாம் தெரிந்துவிடும் என்று எதிர்பார்த்துத்தான் வைத்தான்.

வாணி படிக்கக்கூட இல்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "உங்களைத் தவிர எனக்கு யாருங்க இருக்கறாங்க" என்றாள்.

ஒரு வருடத்துக்கு மேலாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. அன்றைக்கு அவன் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வந்தான்.

புதுச் சாட்சி பொருந்தி வர ஒரு மாதமாகும் என்றார்கள். அதுவரை இரண்டே இரண்டு அமர்வுக்கு வீட்டாள் உட்காரலாம் என்று சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. டாக்டர் மெகருன்னிசாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

"உள்ளதைச் சொல்லணுங்க நல்லசிவம். கூட்டியும் சொல்லாதீங்க, கொறைச்சும் சொல்லாதீங்க."

"சரிங்க."

நர்ஸ் பட்டையைப் பூட்டினாள். கடைசியில் அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்துவிட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு, நெருப்பு வரட்டும் என்று காத்திருந்தான்.

வந்தது நெருப்பல்ல. நெடுநேரம் சம்மணமிட்டு எழுந்தால் கால் மரத்துப்போகுமே, அந்த மரப்பு. அதற்குள் மெல்லிய கம்பி ஒன்று இழுத்துவிட்டதுபோல ஒரு வலி குதிகால் வரை ஓடி ஓடி வந்தது. தொல்லைதான். நாள் முழுக்க இருந்தால் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பட்டறையில் மின்சாரம் அடித்து இதைவிட அதிகம் பட்டிருக்கிறான். மூன்று. ரொம்பவும் இரக்கப்பட்டால் மூன்றரை.

நிமிடம் முடிந்தது. டாக்டர் பேனாவோடு காத்திருந்தார்.

வாணி அவனைப் பார்த்தாள். அதே பார்வை. காட்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிறவளின் பார்வை. இப்போது அது அவனுக்காக, அவன் ஒருவனுக்காக. அவன் வாயைத் திறந்தால் அது நிலைத்துவிடும், அல்லது அணைந்துவிடும்.

"எட்டுங்க" என்றான் நல்லசிவம்.

டாக்டர் அவனையே சற்று நேரம் பார்த்தார். பிறகு எழுதினார்.

அந்த வாரம் அவர்கள் புதிதாகக் கல்யாணமானவர்கள்போல இருந்தார்கள். அவள் பருப்பு கடைந்து அவன் தட்டில் அவளே போட்டாள். இரண்டாவது அமர்விலும் அவன் எட்டு என்றான். அந்த முறை மூன்றுகூட இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறி வாங்கிக்கொண்டு வந்தான். சமையலறையில் அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. வாணி கட்டிலில் சாய்ந்து கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தான். குறட்டைபோல ஒரு சத்தம் வந்தது, நின்றது. அடுத்த சத்தம் வருவதற்கு அவன் காத்திருந்தான். வரவில்லை. கிட்டப்போய்ப் பார்த்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. தலையணைக்குக் கீழே காலி மாத்திரை அட்டைகள். பக்கத்தில், இந்த மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடவே கூடாது என்று டாக்டர் பத்துமுறை சொன்ன தூக்க மாத்திரையின் அட்டை.

மாத்திரையோடு மையம் கட்டாயமாகக் கொடுத்தனுப்பும் மீட்பு மருந்து அலமாரியில் இருந்தது. மூக்கில் அடிப்பது. அவசரத்தில் முதல் குப்பி கைநழுவிக் கீழே விழுந்து உருண்டது. இரண்டாவதை உறை கிழித்து அவள் மூக்கில் வைத்து அழுத்தினான். கன்னத்தில் தட்டினான். "வாணி, வாணி, மூச்சு விடு புள்ள" என்று கத்தினான். மூன்று நிமிடம் கழித்து அவள் ஒரு பெரிய மூச்சை இழுத்தாள், கிணற்றிலிருந்து மேலே வந்தவள்போல. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் மருத்துவமனைக் கட்டிலில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். நல்லசிவம் இட்லியைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்துக் கொடுத்தான். அவள் வாங்கவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க."

"அப்பறம் சொல்லிக்கலாம். சாப்புடு."

"அந்தப் படிவத்துல நான் எதுக்குக் கையெழுத்துப் போட்டேன்னு தெரியுங்களா?"

அவன் கை நின்றது.

"ஏழுன்னு சொல்லுங்க, ஆறுன்னாவது சொல்லுங்கன்னு அவருகிட்டக் கெஞ்சினேன். மூணு மாசம் கெஞ்சினேன். முடியாதுங்கன்னுட்டார். அவரும் விரல் போனப்ப ரெண்டு வருசம் இதையே முழுங்கினவராம். 'வலி கொறஞ்சிருச்சும்மா, இது வேற'ன்னாரு. அந்தாளுகிட்ட என்னால பொய் சொல்ல முடியலீங்க. உள்ள வந்து பாத்துர்றாரு." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்ககிட்டச் சொல்ல முடிஞ்சுது. நீங்க எனக்காகப் பொய்யும் சொல்வீங்கன்னு தெரியும். அதுக்குத்தான் போட்டேன்."

நல்லசிவம் இட்லித் தட்டைக் கீழே வைத்தான். மல்லிகை வாங்கி வந்த நாள் நினைவுக்கு வந்தபோது அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அன்று மாலையே டாக்டரிடம் போய், "ரெண்டு தடவையும் மூணுக்கு மேல இல்லீங்க" என்றான்.

"தெரியும்" என்றார் மெகருன்னிசா. "சந்தேகம் இருந்தும் எழுதினேன். அது என் தப்பு. மேல எழுதி அனுப்பியிருக்கேன்." பிறகு சொன்னார்: "அவங்களைப் பொய்க்காரியா நெனைக்காதீங்க. உடம்பு மாத்திரையைக் கேக்கும். கேக்கறதையே வலின்னு அவங்ககிட்டச் சொல்லும். அவங்களுக்கு அது நெசந்தான்."

"இனி என்னுங்க பண்றது?"

"ஒரேயடியா நிறுத்த மாட்டோம். நிறுத்தினா வெளிய தேடிப் போவாங்க. ஆனா கையில கொடுக்கறதில்லை. தெனமும் காலையில வந்து இங்கயே சாப்பிட்டுட்டுப் போகணும். நீங்கதான் கூட்டிட்டு வரணும்."

தேவசகாயத்திடம் போய் மன்னிப்புக் கேட்டான். அவர் பெரிதுபடுத்தவில்லை, வேறொரு நோயாளிக்குச் சாட்சியாகப் போய்விட்டதால் திரும்ப வர முடியாது என்றார். கிளம்பும்போது நல்லசிவம் கேட்டான். "முதல் நாள் அந்த ஒம்பது எப்படிங்க இருந்துச்சு?"

தேவசகாயம் கல்லாவை விட்டு எழுந்தார். "அதை நான் சொன்னா உங்களுக்கு இன்னும் பொறாமையாத்தான் இருக்கும். விடுங்க" என்று பன் ஒன்றைப் பொட்டலம் கட்டி, "வீட்டம்மாவுக்கு" என்று கொடுத்தார். அந்தப் பன்னை வழியில் எறிந்துவிடலாமா என்று இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினான். எறியவில்லை.

புதுச் சாட்சியாக வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்ற சுலோச்சனா என்ற அம்மாள் வந்தார். பெண்பிள்ளைதானே என்று நல்லசிவம் நிம்மதியடைந்திருக்கலாம். ஆனால் பட்டை பூட்டும்போது எழுந்து கண்ணாடிக் கதவை ஒட்டி நின்றுகொண்டான். யார் உட்கார்ந்தால் என்ன, அவன் இல்லையே.

தினமும் காலை ஸ்கூட்டரில் போனார்கள். முதல் இரண்டு வாரம் வாணி பேசவே இல்லை. உடம்பெல்லாம் வேர்த்தது, வயிறு போனது, ராத்திரியில் கால்களை உதறினாள். மூன்றாவது வாரம் வியாழனன்று, டெக்ஸ்டூல் பாலத்துக்கு முன்னால் சிக்னலில் நின்றபோது, பின்னாலிருந்து, "இன்னைக்கு ஏழுங்க" என்றாள்.

அவன் "ம்" என்றான். உள்ளே சுலோச்சனா அம்மாள் "மூணு" என்றார். திரும்பி வரும்போது அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த அமர்வன்று வாணி "ஆறு" என்றாள், உள்ளே மூன்று. அதற்கும் பேசவில்லை. அவன் கேட்காமலே அவள் சொல்கிறாள் என்பது மட்டும் அவனுக்கு உறைத்தது.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. வண்டியைப் பாலத்துக்கு அடியில் நிறுத்திவிட்டு இருவரும் ஒரு தூணோடு ஒட்டி நின்றார்கள். வாணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஏனுங்க. வலி ரெண்டுதான் இருக்கும்."

நல்லசிவம் திரும்பிப் பார்த்தான்.

"ஆனா மாத்திர வேணும்னு இருக்குதுங்க. அது ஒம்பது." முந்தானை நுனியை முறுக்கினாள். "அது அந்தப் பட்டையில வராது. அந்தம்மாவுக்குத் தெரியாது. தேவசகாயம் அண்ணன் கண்டுபுடிச்சாரு, அவரும் என்ற வாயால கேட்டதில்லை. உங்ககிட்டத்தான் சொல்றேன்."

பாலத்துக்கு மேலே லாரி ஒன்று அதிர்ந்து போனது. நல்லசிவம் அவள் பக்கத்தில், நனையாத இடமாகப் பார்த்துத் தன் துண்டை விரித்து உட்காரச் சொன்னான். அவனும் உட்கார்ந்தான்.

"ஒம்பதுன்னா எப்படிப் புள்ள இருக்குது?"

வாணி வாயைத் திறந்து மூடினாள். சொல்லத் தெரியவில்லை என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தான். அவள் சொல்ல ஆரம்பித்தாள். காலையில் கண் விழித்ததும் நாக்கு எப்படி இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்தாள். பாதியில் அழுதாள், மூக்கைச் சிந்தினாள், மறுபடி சொன்னாள். சில இடத்தில் அவனுக்குப் புரியவில்லை, திரும்பக் கேட்டான். அவள் வேறு மாதிரி சொல்லிப் பார்த்தாள்.

அன்றைக்கு அவர்கள் மையத்துக்குப் போய்ச் சேரும்போது நாற்பது நிமிடம் தாமதம். சுலோச்சனா அம்மாள் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் சத்தம் போட்டாள்.

"மழைங்க" என்றான் நல்லசிவம்.

மழை நின்று அரை மணிக்கு மேலாகியிருந்தது.